சேவியர் மச்சானுக்குக் கோடு போடாத சார்ட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒன்பது வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தவக்காலத்திலும், இந்த முறை எழுதியே தீருவது என்று ஒரு நோட்டு வாங்குவேன். ஈஸ்டர் அன்று பிரியாணி சாப்பிட்டதும் அந்த வேகம் போய்விடும். அந்த நோட்டுகளில் எல்லாம் என் மகள் கணக்குப் போட்டுப் படித்து முடித்து, அவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைப் பங்குச் சாமியாரிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். (மீதிய அவரும் கேக்கல, நானும் சொல்லல.) மாதா மேல் பாரத்தைப் போட்டு இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே உடைத்துவிடுகிறேன். ஒரு கம்பெனியில் யாருக்குக் கீழே யார் என்று காட்டுகிற சார்ட் ஒன்றை நான் எழுதினேன். அதனால் கம்பெனிக்கு வர வேண்டிய அனுமதி ஒரு மாதம் தள்ளிப் போனது. அனுமதி பிறகு வந்துவிட்டது. அதே சார்ட்டால் என் மச்சானும் ஊரை விட்டுப் போனார். அவர் இன்னும் வரவில்லை.

என் பெயர் சகாயம். ராயபுரத்தில், கோயில் மணி அடித்தால் குடத்துத் தண்ணீர் லேசாக அதிரும் தூரத்தில் வீடு. பத்தாவது வரை படித்தேன். பத்தாவதை மட்டும் ரெண்டு தடவை படித்தேன். எண்ணூர் போகிற ரோட்டில், திருவொற்றியூர் தாண்டி, கன்டெய்னர்களைப் பழுது பார்க்கும் யார்டு ஒன்றில் கேட்டில் உட்கார்ந்து எழுதுவது என் வேலை. ஹார்பரிலிருந்து டிரெய்லர் வரும். கன்டெய்னரைச் சுற்றி வந்து, எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே ஓட்டை, கதவு ரப்பர் போயிருக்கிறதா என்று பார்த்துச் சீட்டு எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். அந்தச் சீட்டைப் பார்த்துப் பட்டறையில் வெல்டிங், பெயின்ட் எல்லாம் நடக்கும். மொத்தம் நாற்பது பேர் இருந்தோம்.

ஆண்டவர் எனக்குக் கொடுத்த ஒரே திறமை கையெழுத்து. முத்து முத்தாக எழுதுவேன். திருவிழா வந்தால் கோயில் வாசலில் வைக்கிற போர்டு நான் எழுதியதுதான். தேர்ப் பவனியில் எந்தச் சபைக்குப் பின்னால் எந்தச் சபை நடக்க வேண்டும் என்று வரிசை போடுவதும் நான்தான். (லேசான வேலன்னு நினைக்காதீங்க. ஒரு வருஷம் பாடகர் குழுவ இளைஞர் சபைக்கு முன்னாடி தள்ளிட்டேன். ஆறு மாசம் பூசைல என் பக்கத்துல ஒருத்தனும் உக்காரல.)

அந்த வரிசையை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் கெட்டது அதனால்தான். எல்லாருக்கும் முன்னால் சிலுவை. பிறகு மெழுகுவத்தி பிடிப்பவர்கள். பிறகு ஒவ்வொரு சபையாக. அதற்குப் பின் பங்குப் பேரவைப் பெரியவர்கள். கடைசியில் சாமியார், அவருக்குப் பின்னால் மாதாவின் தேர். தேருக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு மரியாதை.

இந்த வரிசை எதிலும் சேராத ஆள் ஒருவர் உண்டு. எங்கள் தெருக்களில் கேபிள் வயர், இன்டர்நெட் வயர், கரண்ட் வயர் எல்லாம் தலைக்கு மேலே துணிக்கொடி மாதிரி தொங்கும். தேர் போக வேண்டுமென்றால், நுனியில் கவட்டை வைத்த நீள மூங்கில் கம்பால் ஒருவர் அவற்றைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்த ஆள் முன்னால் ஓடுவார், பின்னால் வருவார், தேருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரிவார். மாதாவின் கிரீடம் தாண்டும்வரை ஒரு வயரைத் தாங்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, "மெதுவா… மெதுவா… மாதா தலை பத்திரம்!" என்று கத்துவார். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கம்பு ஒருவர் கையில்தான் இருந்தது. அவர்தான் சேவியர். என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன், எனக்கு மச்சான்.

மச்சான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரெண்டு சந்து தள்ளித் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எங்கள் வீட்டில். மற்ற நாட்களில் சாயந்தர டீ எங்கள் வீட்டில். என்னை யார்டில் சேர்த்துவிட்டதே அவர்தான். அங்கே அவருக்கு வெல்டர் வேலை. ஆனால் ஃபோர்க்லிஃப்ட் நின்றுபோனால் சேவியர், மோட்டார் தண்ணீர் இறைக்கவில்லை என்றால் சேவியர், முதலாளி கார் கதவு திறக்கவில்லை என்றாலும் சேவியர்தான். தேரில் எப்படியோ யார்டிலும் அப்படி. எங்கே பார்த்தாலும் இருப்பார், எந்த வரிசையிலும் இருக்க மாட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கப்பல் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு அதிகாரி யார்டைப் பார்க்க வந்தார். அவர் சரி என்றால்தான் அந்தக் கம்பெனியின் கன்டெய்னர்கள் தொடர்ந்து எங்களுக்கு வரும். அவர் ஐந்து பேரை நிறுத்தி, "உங்களுக்கு மேல யாரு?" என்று கேட்டிருக்கிறார். ஏழு பதில் வந்திருக்கிறது. பெயின்டர் ஒருவர், "எங்க மாமியார் சார்" என்றாராம். அதிகாரி பாவம் அதையும் எழுதிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் திங்கட்கிழமை திரும்பவும் வருவேன், அதற்குள் யாருக்கு யார் பதில் சொல்வது என்று ஒரு சார்ட் எழுதிச் சுவரில் மாட்டுங்கள், எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் விரல் வைத்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் மேனேஜர் கவிதா மேடம் சின்ன வயது. நல்ல பெண். என்னைக் கூப்பிட்டார்.

"சகாயம் அண்ணா, உங்க கையெழுத்துதான் அழகா இருக்கும். பிளைவுட்ல எழுதி மாட்டிடலாம். யாருக்குக் கீழ யாருன்னு வரிசையா வரணும், அவ்வளவுதான்."

"வரிசையா மேடம்? என் கைல வுட்டுடுங்க" என்றேன். பவனி வரிசை போடுகிறவனுக்கு நாற்பது பேர் எம்மாத்திரம்?

மறுநாளே தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவிதா மேடம் அதை நேராக வைத்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணா, முதல்ல சிலுவை இருக்கு. சரி. அதுக்குக் கீழ பெருக்கற ராணியம்மா இருக்காங்க. முதலாளி எங்க?"

"கடைசில கீறாரு பாருங்க மேடம், அடில."

"முதலாளி ஏன் அடியில இருக்கார்?"

"தேருக்குப் பக்கத்துல இருக்கறவருக்குத்தானே மேடம் மரியாதை?"

"எந்தத் தேர் அண்ணா?"

(தேர் வரைய மறந்துட்டேன்.)

மேடம் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்துப் பெட்டி பெட்டியாகக் கட்டம் போட்டுக் காட்டினார். மேலே முதலாளி. அவருக்குக் கீழே மேனேஜர். அதற்குக் கீழே மற்றவர்கள். "கட்டம் முக்கியமில்லை அண்ணா, கோடுதான் முக்கியம். ஒவ்வொருத்தர் தலையில இருந்தும் ஒரே ஒரு கோடு மேல போகணும். அந்தக் கோடு போய் நிக்கற இடத்துலதான் அவர் பதில் சொல்லணும். கோடு இல்லாம யாரும் இருக்கக் கூடாது." பிறகு பென்சிலைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "வேலைச் சீட்டு எல்லாம் உங்க கேட்ல இருந்துதானே பட்டறைக்குப் போகுது? அதனால பட்டறை சேவியர் உங்களுக்குக் கீழ வரலாம்."

அந்த ஒரு வாக்கியம் என்னை என்ன செய்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். சூப்பர்வைசர்கள் நின்றுதான் பார்ப்பார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. கண்டக்டர் சில்லறை எண்ணுவதைக் கூட மேற்பார்வை பார்த்தேன். "உக்காருய்யா, வழிய அடைச்சிகினு" என்றார். நான் பெருந்தன்மையாகத் தலையசைத்தேன்.

வீட்டில் ஸ்டெல்லா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கையில் இருந்த கானாங்கத்தை அப்படியே நின்றது.

"இன்னா சொன்னீங்க? எங்கண்ணன் உங்களுக்குக் கீழயா?"

"கம்பெனி சொல்லுது."

"கம்பெனில உங்கள சேத்துவுட்டது யாரு? உங்க கையப் புடிச்சி இட்டுகினு போயி, 'இது என் தங்கச்சி வூட்டுக்காரரு, நல்லா எழுதுவாரு'ன்னு முதலாளிகிட்ட கெஞ்சினது யாரு? அவருக்கு மேல ஏறி குந்திக்குவீங்களா? போட்டுக்குங்க. போட்டுட்டு சோத்தையும் அந்தக் கம்பெனிலயே துன்னுங்க."

மீன் தலையை அவள் வெட்டிய வேகத்தைப் பார்த்து நான் வாசலுக்கு நகர்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயந்தரம். பிளைவுட்டை வீட்டுக்கே எடுத்துவந்து நடுவீட்டில் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மேலே சிலுவை. (எத எழுதினாலும் நான் அதுலதான் ஆரம்பிப்பேன். முதலாளி வேற சாமி கும்புடறவரு. "இருக்கட்டும், சாமிதானே"ன்னு விட்டுட்டாரு.) சிலுவையிலிருந்து முதலாளிக்கு ஒரு கோடு. ஆண்டவருக்கு அவரும் பதில் சொல்லத்தானே வேண்டும்? முதலாளிக்குக் கீழே கவிதா மேடம். அவருக்குக் கீழே வரிசையாக நான், ஸ்டோர், செக்யூரிட்டி என்று சிவப்பு, நீலம், பச்சையில் கட்டங்கள். என் கட்டத்தை மட்டும் ரெண்டு தடவை பெயின்ட் அடித்தேன். கீழே ஒரு கட்டத்தில் 'சேவியர், வெல்டிங், பட்டறை' என்று எழுதினேன். மற்ற எல்லாக் கோடும் போட்டாகிவிட்டது. அந்த ஒன்றுதான் பாக்கி.

அப்போது மச்சானே டீக்கு வந்துவிட்டார். நான் சட்டென்று பாயை எடுத்து பிளைவுட் மேல் போட்டேன். (ஈரப் பெயின்ட். அந்தப் பாய்ல இன்னிக்கும் 'செக்யூரிட்டி' திருப்பிப் போட்டுப் பதிஞ்சிருக்கு.)

"இன்னா மாப்ள, மறைக்கிற?" கட்டிலில் உட்கார்ந்து டம்ளரைக் கையில் வாங்கினார். "ஏதோ போர்டாமே. மேடம் சொல்லிச்சு."

"ஒண்ணுமில்ல மச்சான். கம்பெனிக்காக."

"என் பேரு வருதா?"

"வருதே."

டீயை ஊதினார். குடிக்கவில்லை. "பெருசா எழுது மாப்ள. கோயில் போர்டுல வருஷா வருஷம் எல்லார் பேரும் எழுதற. மைக் செட்காரன் பேரு கூட வருது. வயரு தூக்கறவன் பேரு எங்க வந்துது? நான் தப்பா சொல்லல. அந்த வேலைக்கு பேரு இல்ல, அவ்ளோதான். இங்கயாவது வரட்டும்." சிரித்துவிட்டு, "திங்கக்கிழம புதுச் சட்ட போட்டுகினு வரேன்" என்றார்.

அவர் போன பிறகு பாயை எடுத்தேன். தூரிகையைத் தொட்டேன், வைத்தேன், தொட்டேன். எனக்குக் கீழே கோடு போட்டால் வீட்டில் சோறு கிடையாது. போடாவிட்டால்? அப்போதுதான் எனக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது. தேரில் வயர் தூக்குகிறவருக்கு வரிசை உண்டா? இல்லை. வரிசை இல்லாததுதானே அவருக்கு மரியாதை? அதனால் மச்சான் கட்டத்துக்குக் கோடே வேண்டாம். அவர் யாருக்கும் கீழே இல்லை. சுதந்திரமானவர். அந்தக் கட்டத்தைச் சுற்றி மஞ்சளில் சின்னச் சின்னப் பூக்கள் கூட வரைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை யார்டில் போர்டை மாட்டும்போது கவிதா மேடம் போனில், "எல்லாக் கோடும் போட்டாச்சா அண்ணா?" என்று கேட்டார். "பெயின்ட் காயணும் மேடம்" என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், மெதுவான குரல். வெள்ளை ஹெல்மெட் போட்டிருந்தார். (அந்த ஹெல்மெட்ட ஞாபகம் வெச்சிக்கிங்க. அது இல்லன்னா இத நான் ஜெயில்லேர்ந்துதான் எழுதியிருக்கணும்.) எல்லாரும் ஷெட்டில் போர்டுக்கு முன்னால் நின்றோம். ராணியம்மாவைக் கேட்டார். அவர் விரலை வைத்து அழகாகக் காட்டி, மேலே சிலுவை இருக்கவே நெற்றியில் சிலுவையும் போட்டுக்கொண்டார். முன்னே 'மாமியார்' என்று சொன்ன பெயின்டரைக் கேட்டார். அவரும் சரியாகக் காட்டினார். கவிதா மேடம் முகத்தில் சிரிப்பு வந்தது. அதிகாரி பேனாவை மூடப் போனார். மூடியிருக்கலாம்.

"நீங்க?" என்றார், கடைசியாக.

சேவியர் மச்சான் முன்னால் வந்தார். புதுச் சட்டை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு யாராவது வெல்டிங் வேலைக்கு வருவார்களா? அவர் வந்திருந்தார்.

"உங்களுக்கு மேல யாரு?"

மச்சான் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். முகம் மலர்ந்தது. பூக்களைப் பார்த்து என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விரலைக் கட்டத்தின் தலையில் வைத்து மேலே நகர்த்தினார். கோடு இல்லை. விரல் நின்றது. இடது பக்கம் போனது. அங்கேயும் இல்லை. வலது பக்கம், கீழே, மறுபடியும் மேலே. கட்டத்தைச் சுற்றி ரெண்டு தடவை வந்தது. கிரீஸ் விரல், வெள்ளை பிளைவுட். கடைசியில் அந்தக் கட்டத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம்தான் விழுந்தது.

"சார், எனக்கு மேலயும் யாரும் இல்ல, கீழயும் யாரும் இல்ல" என்றார் மெதுவாக.

அதிகாரி கவிதா மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு, "மறந்துட்டேன் சார்" என்று சொல்லியிருந்தால் போதும். மாதா எனக்கு அந்த நேரத்தில் புத்தி கொடுக்கவில்லை. விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன்.

"சார், இவரு தேர்ல வயரு தூக்கறவரு சார்."

"கம்பெனியிலயா?"

"இல்ல சார், கோயில்ல. தேரு வரும் சார். எல்லாரும் வரிசையா வருவாங்க. இவரு மட்டும் வரிசைல வரமாட்டாரு. அது கௌரவம் சார்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். அவருக்குப் புரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. அதனால் செய்து காட்ட முடிவு செய்தேன். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த நீளமான இரும்புப் பைப்பை எடுத்தேன். "இதுதான் சார் கம்பு. நீங்கதான் சார் மாதா. நீங்க அப்டியே வாங்க. நான் இப்டி முன்னாடி ஓடி, மெதுவா… மெதுவா… இப்டித் தூக்கி…"

தூக்கினேன்.

மேலே டியூப் லைட் இருந்தது.

வெடிச்சத்தம் கேட்டது. ராணியம்மா, "சேசுவே!" என்றார். கண்ணைத் திறந்து பார்த்தேன். அதிகாரி நின்ற இடத்திலேயே, ரெண்டு கையையும் லேசாக விரித்தபடி, நிஜமாகவே கோயில் மாதா சுரூபம் மாதிரி அசையாமல் நின்றார். ஹெல்மெட் முழுக்கக் கண்ணாடித் தூள் மின்னியது. ஒரு கீறல் கூட இல்லை. என்னை நோக்கி ஓடிவந்து, நான் இன்னும் தூக்கிப் பிடித்திருந்த பைப்பைக் கையிலிருந்து மெல்ல வாங்கியவர் சேவியர் மச்சான்தான். வாங்கும்போது காதோரம், "போதும் மாப்ள" என்றார்.

அதிகாரி ஹெல்மெட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் ரெண்டு வரி எழுதினார். "சார்ட் முழுமையில்லை. ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கப்படும்." கவிதா மேடம் ராணியம்மாவிடமிருந்து துடைப்பத்தை வாங்கிக் கண்ணாடித் தூளைத் தானே பெருக்கினார். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம்.

எல்லாரும் கலைந்து போன பிறகு மச்சான் மட்டும் போர்டுக்கு முன்னால் நின்றிருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"மச்சான், கௌரவமா இருக்கட்டும்னுதான்…"

அவர் சிலுவையைக் காட்டினார். "முதலாளிக்கு ஆண்டவர் வரைக்கும் கோடு கீது. ராணியம்மாவுக்கு கூட ஒண்ணொண்ணா ஏறிப்போனா ஆண்டவராண்ட போயி சேரலாம். எனக்குத்தான் மாப்ள வழி இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டு, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் சரியாகியிருக்கும். "பூ நல்லா வரஞ்சிருக்க" என்றார். போய்விட்டார்.

அடுத்த மாதம் தூத்துக்குடியில் ஒரு யார்டில் வேலை கிடைத்துப் புறப்பட்டார். கேட்டவர்களிடம் எல்லாம், "அந்த ஊரு மீன் நல்லா இருக்குமாம்" என்று காரணம் சொன்னார். மீன்பிடி துறைமுகம் இருக்கிற காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவன் மீனுக்காகத் தூத்துக்குடி போகிறான் என்றால் யாராவது நம்புவார்களா? எக்மோர் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது என் கையைப் பிடித்தார். "கம்பு உன் வூட்டுப் பின்னாடி நிக்குது மாப்ள. மழைல நனையாம பாத்துக்க." மச்சான் போன பிறகும் மீன் குழம்பில் தலை எனக்கு வருவதில்லை. அண்ணனுக்கு வைக்கிற பழக்கத்தில் ஸ்டெல்லா தனியாக எடுத்து வைப்பாள். அப்புறம் பார்த்து, யாருக்கும் போடாமல் அவளே சாப்பிடுவாள்.

ரெண்டாவது தடவை அதிகாரி வந்தபோது சார்ட் சரியாக இருந்தது. பட்டறைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அவர் பெயரையும் கோடு போட்டு எழுதினேன். "சேவியர் கட்டத்தை அழிச்சிடுங்க அண்ணா" என்றார் கவிதா மேடம். தூரிகையை எடுத்துக்கொண்டு போனேன். கிரீஸ் வட்டம் அப்படியே இருந்தது. அழிக்கக் கை வரவில்லை. கட்டத்தின் தலையில் நல்ல தடிமனாக ஒரு கோடு இழுத்து நேராக மேடம் கட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பெயருக்குக் கீழே, சின்னதாக, 'விடுப்பில்' என்று எழுதினேன். மேடம் பார்த்தார். அப்படியே விட்டுவிட்டார். அனுமதி கிடைத்தது. அதிகாரி இந்த முறை ஷெட்டுக்குள் வரும்போது என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

அந்த வருஷத் திருவிழாவில் கம்பை நான் எடுத்தேன். பிராயச்சித்தம் என்று நினைத்தேன். நாலாவது வீட்டிலேயே ஒரு வயரைத் தூக்குகிறேன் என்று பிடுங்கிவிட்டேன். தெரு முழுக்க கேபிள் போனது. அன்று கிரிக்கெட் மேட்ச். மாதா தேரில் இருந்ததால் உயிர் பிழைத்தேன். இப்போது ரெண்டு மூன்று பேர் மாற்றி மாற்றித் தூக்குகிறார்கள். தேர் போகிறது, வருகிறது. ஆனால் "மாதா தலை பத்திரம்" என்று கத்த ஆள் இல்லை. வெளியே தேர் திரும்பும் ஒவ்வொரு முனையிலும் என் காது அந்தக் குரலுக்காகக் காத்திருக்கும். ஸ்டெல்லா செபமாலையை உருட்டியபடி தேரைப் பார்க்காமல் வயரைப் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

மச்சான் ஒரு தடவை வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பினார். அவருடைய புது யார்டின் சார்ட். நடுவில் அவர் பெயர். மேலே ஒரு கோடு, கீழே நாலு கோடு. அடியில் எழுதியிருந்தார்: 'எழுத்து உன்னது மாதிரி இல்ல மாப்ள.' போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பின்பக்கம் போய்க் கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் கல்யாணத்துக்கு வந்தார், தாய்மாமன் அல்லவா. மண்டபத்தில் சீரியல் லைட் வயர் ஒன்று தாழ்வாகத் தொங்கியது. பொண்ணு மாப்பிள்ளை உள்ளே வரும்போது, எங்கிருந்தோ ஓடிவந்து ஒரு நாற்காலி மேல் ஏறிக் கையாலேயே தூக்கிப் பிடித்தார். கல்யாண வீடியோவில் அவர் முகம் வரவில்லை, அந்தக் கை மட்டும் வருகிறது. மறுநாள் காலை ரயிலுக்குப் போய்விட்டார்.

வீட்டில் இது இப்போது சிரிப்பாகிவிட்டது. பந்தியில் யாருக்காவது இலை விட்டுப்போனால், குடும்ப போட்டோவில் யாராவது ஓரமாக நின்றால், என் மகள், "அப்பா, அவங்களுக்குக் கோடு போட்டாச்சா?" என்பாள். மருமகனுக்கும் பழகிவிட்டது. நான் எதையாவது செய்து காட்டுகிறேன் என்று எழுந்தால் எல்லாரும் ஒருசேர விட்டத்து லைட்டைப் பார்ப்பார்கள். மச்சானும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் செய்வார். எடுத்ததும் முதல் கேள்வி இதுதான்:

"இன்னா மாப்ள, நான் இன்னும் லீவுலதான் கீறனா?"

"ஆமா மச்சான். போர்டு அப்டியேதான் கீது."

"எவ்ளோ நாளு லீவு குடுத்த?"

"அதெல்லாம் எழுதல மச்சான்."

"சரி, சரி. கம்பு நனையாம கீதா?"

"கீது."

இதுவரைக்கும் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். சாமியாரிடமும் இவ்வளவுதான் சொன்னேன். சகாயம் பாவம், மரியாதை செய்யப் போய்க் கெடுத்துவிட்டான் என்று எல்லாரும் சொல்வார்கள். மீதிப் பாதி இதுதான். பென்சிலைக் கடித்துக்கொண்டு கவிதா மேடம் சேவியரை எனக்குக் கீழே போடலாம் என்று சொன்ன அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். "உங்களுக்குச் சங்கடமா இருந்தா, ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல போட்டு எனக்குக் கீழ கோடு இழுத்துடுங்க அண்ணா." ஒரே ஒரு கோடு. ஸ்டெல்லாவுக்கும் சரி, மச்சானுக்கும் சரி, அதிகாரிக்கும் சரி. சனிக்கிழமை தூரிகையைத் தொட்டுத் தொட்டு வைத்தேனே, அது அந்தக் கோட்டுக்காகத்தான். ரெண்டு தடவை பெயின்ட் அடித்த என் கட்டத்தை விட்டு, என்னைச் சேர்த்துவிட்ட மனிதருக்குச் சமமாக இறங்கி நிற்க எனக்கு மனசு வரவில்லை. தேர், வரிசை, கௌரவம், மஞ்சள் பூ எல்லாம் அதற்குப் பிறகு நான் தேடிக்கொண்ட சாக்கு.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். டியூப் லைட் உடைந்த இடத்தில் நன்றாகச் சிரியுங்கள், நானே சிரிக்கிறேன். ஆனால் சொல்லும்போது எனக்காக எதையும் மாற்ற வேண்டாம். முக்கியமாக, மரியாதைக்காகத்தான் கோடு போடவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் யாராவது சேவியர் என்கிற வெல்டரைப் பார்த்தால், அவரிடமும் எழுதியிருக்கிற மாதிரியே சொல்லுங்கள். லீவு முடிந்துவிட்டது என்றும் சொல்லுங்கள்.